சொந்தப் பக்கம் வளர்த்தால் பிஆர் (பொதுத்தொடர்பு) கற்றுக்கொண்ட மாதிரி ஆகுமா?

ஜூரோங்வாசி | 3 பிப்ரவரி 2025, இரவு 10:42

கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை, வயது 42. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, சரக்கு அடுக்குவது, இரவு ஷிஃப்ட் சாப்பாடு என்று டிக்டாக்கிலும் லிங்க்ட்இனிலும் போட்டுப் போட்டு இப்போது பத்தாயிரத்துக்கு மேல் ஃபாலோவர் இருக்கிறார்கள். இதைக் காட்டி ஒரு பிஆர் ஏஜென்சியில் நேர்காணலுக்குப் போனேன். "உங்களைப் பற்றி நிறைய இருக்கிறது, பிஆர் எங்கே?" என்று கேட்டுவிட்டார் நேர்காணல் எடுத்த அம்மா. என்னையே ஒரு பிராண்டாக வளர்த்திருக்கிறேன், இதைவிட என்ன பிஆர் வேண்டும்? ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தவனுக்கு ஓர் அறிக்கை எழுத வராதா? இதற்காக டிப்ளோமாவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டுமா?

தோபாயோ அக்கா | 3 பிப்ரவரி, இரவு 11:20

பாதி கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சுலபமான பாதி. அந்த அம்மா கேட்டது சரியான கேள்விதான். தூக்கம் வருகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

தோபாயோ அக்கா | 4 பிப்ரவரி, காலை 7:15

எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதனால் கொஞ்சம் நீளமாக.

சுலபமான பாதி என்றால் மட்டமான பாதி என்று நினைக்க வேண்டாம். லிங்க்ட்இனில் ஒரு பதிவின் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மிச்சத்தைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரிக்குள் விஷயத்தைச் சொல்லப் பழகியவருக்குச் செய்தி அறிக்கையின் முதல் பத்தி பாதி எழுதிய மாதிரி. எந்தச் சொல்லுக்குச் சண்டை வருகிறது, எந்தப் படத்துக்கு அம்மா வயதுக்காரர்கள் பதில் போடுகிறார்கள், எதை யாருமே சீண்டுவதில்லை, இதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தால் வராது. ஏஜென்சியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பலருக்கு முன்பின் தெரியாதவரின் கோபத்துக்குப் பதில் சொன்ன பழக்கமே இருக்காது. உங்களுக்கு இருக்கிறது.

அப்புறம், ஒரே ஆளாகத் தெரிவது. 2015இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், சுடோக்கு புதிரைத் தீர்க்கத் தாம் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய நிரலை ஃபேஸ்புக்கில் போட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை எழுதின. அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர் என்பது ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். தெரிந்த ஒன்றுக்குப் பக்கத்தில் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், பொருந்திப்போனது. வேறு யாராவது ஆள் வைத்து எழுதி வாங்கிப் போட்டிருந்தால் சிரிப்பாய்ச் சிரித்திருப்பார்கள். நீங்கள் ஃபோர்க்லிஃப்ட் பற்றிப் பேசினால் கேட்கிறார்கள். நாளைக்கே தலைமைத்துவம் பற்றிப் போதிக்க ஆரம்பித்தால் பாருங்கள் கூத்தை.

பீஷான் வந்துவிட்டது. மாற வேண்டும்.

தோபாயோ அக்கா | 4 பிப்ரவரி, மதியம் 1:05

கஷ்டமான பாதி. உங்கள் பக்கத்தில் கிளையண்டும் நீங்கள், பேசுபவரும் நீங்கள், சரி என்று தலையாட்டுபவரும் நீங்கள். இரவு 11 மணிக்குத் தோன்றினால் 11:05க்குப் போட்டுவிடலாம். பிஆர் வேலையில் அந்த ஐந்து நிமிடம்தான் முழு வேலையுமே.

என் வேலையிடத்தில் ஒருமுறை நடந்தது. ஒரு சேவை தாமதமாகிறது, வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். நான் எழுதியது: இத்தனை நாள் தாமதம், காரணம் இது, மன்னிக்கவும். துறைத் தலைவர் "தாமதம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "புதிய கால அட்டவணை" என்று போட்டார். வழக்கறிஞர் "மன்னிக்கவும்" வேண்டாம் என்றார், பின்னால் இழப்பீடு கேட்பார்களாம். கடைசியாகப் பெரியவரிடம் போனது. அவர் வழக்கம்போல் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: "தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்." தாமதத்தைத் தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி! அந்த ஒரு வரியை எடுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் பிஆர். எழுதியது சும்மா தட்டச்சு.

இது புதிதும் இல்லை. 1906இல் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் ஒன்று அட்லான்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் காலத்து ரயில் முதலாளிகளுக்கு விபத்து என்றாலே கதவைச் சாத்துவதுதான் பழக்கம். ஐவி லீ என்பவர், முன்னாள் பத்திரிகையாளர், நடந்ததை நாமே எழுதிக் கொடுப்போம், செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போவோம் என்று நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். முதல் செய்தி அறிக்கை என்று பலரும் சொல்வது அதைத்தான். அறிக்கையில் அழகாக எதுவும் கிடையாது. சாத்திய கதவைத் திறக்கச் சொல்லி முதலாளியிடம் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்குத்தான் சம்பளம்.

உங்கள் பக்கத்தில் நீங்கள் யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. அந்த அம்மா தேடியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

தோபாயோ அக்கா | 5 பிப்ரவரி, இரவு 9:30

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார்: நம் ஆட்களுக்குத் தன்னைப் பற்றிப் பேசவே கூச்சம், தற்புகழ்ச்சி கூடாது என்று வளர்த்துவிட்டார்கள், எப்படித்தான் பிராண்ட் ஆவது என்று.

நம் ஆட்களுக்குக் கூச்சமா? தீபாவளி சமயத்தில் லிட்டில் இந்தியா, தேக்கா பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து சொல்லுங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன். நன்னூல் பாயிரத்தில் இதற்கு விதியே இருக்கிறது. எவ்வளவு சாதித்தாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே பவணந்தியார் நான்கு இடங்களில் புகழலாம் என்று இறங்கிவருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் நிற்கும்போது. அவையில் வாதாடி வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழித்தபோது.

வேலைக்கு விண்ணப்பம், புதிதாக வந்த ஃபாலோவர், கிளையண்ட் முன்னால் பிட்ச், கமெண்ட்டில் வாங்கிய அடி. நான்கும் அப்படியே இருக்கிறது பாருங்கள். தினமும் காலை எழுந்ததும் "பணிவன்புடன் பகிர்ந்துகொள்கிறேன்" என்று விருது வாங்கிய படத்தைப் போடுவது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

தோபாயோ அக்கா | 9 பிப்ரவரி, மாலை 5:40

ஜூரோங்வாசி கேட்டிருக்கிறார், "உங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறதே, அதில் நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று. நியாயம்தான்.

என் பக்கம் செடிகள் பற்றியது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில், பொது நடைவழியில் கறிவேப்பிலை, துளசி, மணத்தக்காளி, ஒரு பிடிவாதம் பிடித்த மல்லிகை. ஒருநாள் நடைவழி முழுவதும் தெரிகிற மாதிரி கீழிருந்து எடுத்த காணொளி ஒன்றைப் போட்டேன். யாரோ ஒருவர் வந்து, "நெருப்புப் பிடித்தால் எப்படி ஓடுவது? பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலி தெரிகிறதே, அது எப்படிப் போகும்?" என்று கேட்டார். என் வாசகர்கள் அவர்மேல் பாய்ந்துவிட்டார்கள். பொறாமை, வேலையற்றவர், செடி வளர்க்கத் தெரியாதவர், இன்னும் என்னென்னவோ.

டேப்பை எடுத்து அளந்தேன். ஆள் தப்பிப்போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அதைவிட அதிகமாகவே இருந்தது. கீழிருந்து எடுத்ததால் படத்தில் குறுகலாகத் தெரிந்திருக்கிறது. டேப்போடு ஒரு படம் போட்டிருந்தால் ஆயிரம் கைத்தட்டல் விழுந்திருக்கும், கேட்டவர் வாயடைத்துப் போயிருப்பார். போடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டிக்கு என் பக்கம் இருப்பதே தெரியாது, இன்ஸ்டாகிராமே கிடையாது.

"அகலமெல்லாம் சரிதான்," என்றார். "நீ தண்ணீர் ஊற்றினால் அது ஓடி என் வாசலுக்கு வருகிறது. அவர் நாற்காலிச் சக்கரம் நனைந்து வீட்டுக்குள் கறுப்புக் கறுப்பாகக் கோடு. தினமும் துடைக்கிறேன்."

இதை யாரும் கமெண்ட்டில் எழுதவில்லை. எழுதவும் முடியாது. கேட்டவர் சொன்னது தப்பு, ஆனால் அவர் காட்டிய திசையில் வேறொரு நிஜமான குறை உட்கார்ந்திருந்தது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தேன். தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு, அது இன்னொரு வம்பு. கடைசியில் அடுக்கு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் என் சுவரோடு ஒட்டி ஏற்றிவிட்டேன். பிறகுதான் பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன்: கேட்டவருக்கு நன்றி, அளந்தேன், வழி இருக்கிறது, தண்ணீர் பிரச்சினை ஒன்று இருந்தது, சரிசெய்தாயிற்று.

ஃபாலோவர் என்பவர் நம்மைப் பிடித்துப்போய் வந்தவர். பிஆர் பாடத்தில் "பப்ளிக்" என்கிறார்களே, அவர் நம்மைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. நாம் செய்வது அவர் வீட்டு வாசலுக்கு ஓடிவருகிறது, அவ்வளவுதான். க்ரூனிக், ஹன்ட் என்ற பிஆர் ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் பிஆரை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஊதிப் பெருக்குவது, தகவல் சொல்வது, மறுபக்கத்தைக் கேட்டுக்கொண்டு அவர்களை மாற்றப் பார்ப்பது, கேட்டுவிட்டுத் தானும் மாறுவது. டேப் படத்தைப் போட்டிருந்தால் நான் இரண்டாவதோடு நின்றிருப்பேன்.

உங்கள் கிடங்குக் காணொளிகளுக்கு ஆன்ட்டி யார், யோசியுங்கள்.

தோபாயோ அக்கா | 9 பிப்ரவரி, இரவு 8:10

மல்லிகை பூக்கிறதா, எங்கே வாங்கினேன், என்ன உரம் என்று வரிசையாகக் கேள்விகள். இழை பிஆர் பற்றியது ஐயா. (பூக்கவில்லை.)

தோபாயோ அக்கா | 11 பிப்ரவரி, இரவு 10:00

தைப்பூசம் முடிந்து கால் வலி. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் நடந்தவர்களுக்குத் தெரியும். வழி நெடுகக் கைப்பேசிகள். அலகு குத்திக்கொள்பவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டுகிறார்கள். அவர் விரதம் இருந்து வந்தது அடுத்தவருடைய பக்கத்தை வளர்க்க இல்லை.

இதைப் பார்த்ததும் ஜூரோங்வாசி காணொளிகள் ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று பார்த்தேன். நன்றாகவே பேசுகிறீர்கள். ஆனால் பின்னால் அடுக்கியிருக்கும் சரக்கில் ஒட்டிய லேபிள்கள் அப்படியே படிக்க முடிகிறது. யாருடைய சரக்கு, எந்த ஊருக்குப் போகிறது என்பது உங்கள் முதலாளியின் வாடிக்கையாளருடைய விஷயம். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி இருக்கிறதா? உங்கள் ஆன்ட்டி அங்கேதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். வேலை தேடும் நேரம், முதலில் அதைக் கவனியுங்கள்.

தோபாயோ அக்கா | 16 பிப்ரவரி, மாலை 4:25

மன்னிப்பு எழுதப் பழகுங்கள். சொந்தப் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு அபூர்வம், ஏனென்றால் சொந்தப் பக்கத்தில் பதிவையே அழித்துவிடலாம்.

2019 ஜூலையில் வந்த அந்த மின்னியல் கட்டண (இ-பேமெண்ட்) விளம்பரம் யாருக்கும் மறந்திருக்காது. சீன நடிகர் ஒருவர் நான்கு வேடத்தில். அதில் ஒன்று, முகத்துக்குக் கறுப்பு பூசி, சட்டையில் கே. முத்துசாமி என்று பெயர்ப்பட்டை. என் தாய்மாமன் பெயரும் முத்துசாமிதான், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியது. விளம்பரம் செய்தவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். எப்படி? தெரியாமல் ஏற்பட்ட எந்த மனவருத்தத்துக்கும் வருந்துகிறோம், மின்னியல் கட்டணம் எல்லாருக்கும் உரியது என்று சொல்வதே நோக்கம், என்ற பாணியில். என்ன செய்தோம் என்பது அதில் இல்லை. வலித்தவரைத்தான் சந்தேகத்தில் நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் பாடம். விளம்பரத்துக்குப் பதிலடியாக ராப் காணொளி போட்ட உடன்பிறந்த இருவர்மீது போலிஸ் விசாரணை வந்ததும், அவர்கள் அதே மன்னிப்பு வாசகத்தில் சில சொற்களை மட்டும் மாற்றித் தங்கள் மன்னிப்பாகப் போட்டார்கள். உள்துறை அமைச்சு அதை மன்னிப்புக் கேட்பதுபோன்ற பாசாங்கு என்று சாடியது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே சண்டை ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வருவது, ஓர் அறிக்கையின் வாய்பாடு எவ்வளவு வெறுமை என்று காட்ட, அதை வேறொருவர் வாயில் வைத்துப் பார்த்தாலே போதும்.

பயிற்சி: அந்த முதல் மன்னிப்பை நீங்கள் எழுதுங்கள். மூன்று வாக்கியம். என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம், இப்போது என்ன செய்கிறோம். "தெரியாமல்" வரக்கூடாது. எழுதியதைச் சீன நண்பர் ஒருவருக்கும், மலாய் நண்பர் ஒருவருக்கும், முத்துசாமி என்ற பெயருள்ள யாராவது ஒருவருக்கும் படித்துக் காட்டுங்கள். மூன்று பேரும் வேறு வேறு சொல்லில் முகம் சுளிப்பார்கள்.

தோபாயோ அக்கா | 17 பிப்ரவரி, காலை 7:20

காசு வாங்கிப் போடுகிற பதிவு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: வாங்கினால் வாங்கினேன் என்று போடுங்கள். 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லுக்காகக் கஷ்கிளவுட் என்ற நிறுவனம் தன் பதிவர்களுக்குக் கொடுத்த குறிப்பு வெளியே வந்தது. போட்டி நிறுவனங்களின் சேவையைக் குறைகூறி எழுதச் சொன்ன குறிப்பு. சிங்டெல் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் சமூக ஊடகத்துக்கு வழிகாட்டி கொண்டுவந்தது. பணம் கொடுத்து வாங்கிய இடம் வேறு, செய்தியாளர் தானாக எழுதுவது வேறு. இந்தக் கோட்டை அழிப்பவரை எந்த ஏஜென்சியும் நம்பாது. ரகசியமாக அழிக்கச் சொல்லும் ஏஜென்சியில் நீங்கள் சேராதீர்கள்.

தோபாயோ அக்கா | 23 பிப்ரவரி, மதியம் 12:15

டிப்ளோமா கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டோம். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால் 2024 மே மாதத்திலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டத்தில் கூடுதலாக 4,000 வெள்ளி இருக்கிறது. 25 வயதானவர்களுக்கு முன்பு கொடுத்த 500 வெள்ளி வேறு. ஆனால் 4,000ஐ எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, தேர்ந்தெடுத்த படிப்புகளுக்குத்தான், அதனால் பெயர் கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபிஆர்எஸ் என்கிற சிங்கப்பூர்ப் பொதுத்தொடர்புக் கழகம் 1970இலிருந்து இருக்கிறது, அவர்களிடமும் பயிற்சிகள் உண்டு.

போகலாமா? போகலாம். வகுப்பில் கிடைப்பது சான்றிதழைவிட, உங்கள் எழுத்தைக் கிழித்துப் போடும் ஒரு ஆசிரியரும், உங்களைப் போலவே வேலை மாறத் துடிக்கும் பதினைந்து இருபது பேரும். "தனிப்பட்ட பிராண்டிங் வழியே பிஆர்" என்று ஒரு வாரயிறுதியில் சொல்லிக்கொடுப்பதாக வரும் விளம்பரங்களுக்கு மட்டும் தள்ளியே இருங்கள். டாம் பீட்டர்ஸ் என்ற நிர்வாகவியல் எழுத்தாளர் 1997இல் ஆளுக்கு ஆள் தன்னையே ஒரு பிராண்டாக நினைக்கச் சொல்லி ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார், அன்றிலிருந்து அதை வகுப்பாக்கி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் பலர் சொல்லிக்கொடுப்பது எப்படி அந்த வகுப்பை நடத்துவது என்பதைத்தான்.

தோபாயோ அக்கா | 2 மார்ச், இரவு 9:50

வகுப்பைவிட முக்கியம், வேறொருவருக்காக ஒரு வேலை செய்யுங்கள். காசு வாங்காமல். கோயில், பழைய மாணவர் சங்கம், வசிப்போர் குழு, யாராவது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் படித்துக் காட்டும் கூட்டம் ஒன்று உண்டு. தமிழ் மொழி விழா நெருங்கும்போது பத்திரிகையில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். நாம் எல்லாரும் பார்த்துப் பழகிய தாள்தான்: தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வாழ்த்துரை மூவர், சிறப்புரை ஒருவர், நன்றியுரை ஒருவர். கடைசி வரியில் "சிறுவர்களின் வாசிப்பும் இடம்பெறும்." அனைவரும் திரளாக வருக.

அழைப்பிதழாக அதில் குறை சொல்ல மாட்டேன், மரியாதைக்கு ஒரு வரிசை வேண்டும். செய்தி அறிக்கைக்கு அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். கடைசி வரிதான் செய்தி. போய் உட்கார்ந்து பார்த்தேன். படித்துக் காட்டுவது ஆசிரியர்கள் இல்லை, பாட்டிகள். அப்பா அம்மா இருவரும் சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் வீடுகள். சரி, இதுதான் முதல் பத்தி. மேற்கோளுக்குச் செயலாளர் எழுதிக் கொடுத்தது, "இம்முயற்சி தமிழ்மொழி வளர்ச்சிக்குப் பெரும் தூண்டுகோலாக அமையும் என்பதில் ஐயமில்லை." உலகத்தில் எந்தப் பாட்டியும் இப்படிப் பேசியதில்லை. ஒரு பாட்டியிடமே கேட்டேன். "வீட்டில் ரிமோட் அவன் கையில. இங்க புத்தகம் என் கையில," என்றார். அப்படியே போட்டேன், அவருக்குப் படித்துக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு.

செய்தியாளர் போனில் கேட்டது: ஏன் நூலகத்தில் நடத்தாமல் புளோக்குக்குக் கீழே? எந்தப் பிள்ளையிடம் பேசலாம், பெற்றோர் சம்மதித்தார்களா? செலவு யார் செய்கிறார்கள்? படம் இருக்கிறதா? தலைமை தாங்குபவர் பெயரை அவர் கேட்கவே இல்லை.

சின்னதாக, படத்தோடு வந்தது. பாட்டியின் வரி தலைப்பாயிற்று. மறுநாள் காலை எனக்குப் போன் செய்தவர் தலைமை தாங்கியவர். அவர் பெயர் இல்லை. அவரை அரைமணி நேரம் சமாதானப்படுத்தினேன். கோபித்துக்கொண்டு போயிருந்தால் அடுத்த வருடம் நாற்காலிகளுக்கு யார் சொல்வது? அந்தப் போன் பேச்சை எந்த இன்ஸ்டாகிராம் பக்கமும் சொல்லிக்கொடுத்திருக்காது.

தோபாயோ அக்கா | 3 மார்ச், காலை 8:05

எண்கள் பற்றி. "பத்தாயிரம் ஃபாலோவர்" என்று நேர்காணலில் தொடங்காதீர்கள். பத்திரிகையில் வந்த இடத்தை விளம்பர விலையால் பெருக்கி "இத்தனை ஆயிரம் வெள்ளி மதிப்பு" என்று காட்டும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2010இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டுத் துறைக்காரர்கள் அது பிஆரின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாகவே எழுதிவைத்துவிட்டார்கள். ஃபாலோவர் கணக்கும் அதற்குத் தம்பிதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு நிற்காமல், பார்த்து என்ன மாறியது என்று சொல்லுங்கள். உங்கள் பாதுகாப்புக் காணொளியைப் பார்த்துவிட்டு வேறொரு கிடங்கில் யாராவது நடைமுறையை மாற்றினார்களா? ஒருவர் மாற்றியிருந்தாலும் அதுதான் உங்கள் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கம்.

தோபாயோ அக்கா | 8 மார்ச், இரவு 10:30

"எனக்கு ஒரு சின்னம் வேண்டும், தர்மனுக்கு அன்னாசி மாதிரி" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: 2023 அதிபர் தேர்தலில் தர்மன் 70.4 விழுக்காடு வாங்கி வென்றது அவருடைய அன்னாசிச் சின்னத்தால் இல்லை. 2001இலிருந்து அரசியலில் பார்த்த மனிதர் என்பதால் அன்னாசியும் எடுபட்டது. முதலில் இருபது வருடம் வேலை பாருங்கள், பழம் பிறகு வாங்கலாம்.

ஜூரோங்வாசி | 22 மார்ச், இரவு 11:15

லேபிள் தெரிந்த காணொளிகளை எடுத்துவிட்டேன், மேலாளரிடம் பேசி எழுத்தில் அனுமதியும் வாங்கியாயிற்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? இத்தனை நாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம், எப்போது வந்து கேட்பான் என்று. எங்கள் குடியிருப்பில் பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் மாமாக்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஓர் அறிக்கை எழுதினேன். மூன்று பேரும் மூன்று விதமாகத் திருத்துகிறார்கள், மண்டை காய்கிறது.

தோபாயோ அக்கா | 23 மார்ச், காலை 9:00

இப்போது அந்த அம்மாவிடம் திரும்பப் போகலாம்.

முதல் நாள் நான் பாதி என்று சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். உங்கள் மேலாளர் கதையைக் கேட்ட பிறகு, சொந்தப் பக்கத்திலும் கஷ்டமான பாதி ஒளிந்துதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. யாரைக் கேட்க வேண்டும் என்று தேடிப்போனால் கிடைக்கிறது. தேடாதவருக்குப் பக்கம் நூறு வருடம் ஓடினாலும் வராது. நேர்காணலில் லேபிள் கதையைச் சொல்லுங்கள், ஃபோர்க்லிஃப்ட் காணொளிகளைக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். மாமாக்களின் மூன்று திருத்தங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், மறுத்ததை எப்படிச் சொன்னீர்கள் என்று அந்த அம்மா நிச்சயம் கேட்பார்.

தோபாயோ அக்கா | 23 மார்ச், மதியம் 2:40

ஒரே அறிக்கையைத் தமிழ் முரசு, ஒலி, வசந்தம் மூன்றுக்கும் அனுப்பலாமா என்றால், அனுப்பலாம், ஆனால் மேலே எழுதும் நான்கு வரி ஒன்றாக இருக்கக்கூடாது. பத்திரிகைக்கு நல்ல படம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வானொலிக்கு, நேரலையில் தடுமாறாமல் தமிழ் பேசும் மாமா யார் என்று சொல்லுங்கள். தொலைக்காட்சிக்கு, கேமரா முன்னால் என்ன அசையும் என்று சொல்லுங்கள், சங்கிலி மாட்டுவது போதும். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பி யார் கழுத்தையும் அறுக்காதீர்கள்.

கீழே ஒரு தொலைபேசி எண் போடுங்கள், அடித்தால் எடுக்கிற எண். கிடங்கில் சிக்னல் கிடைக்காது என்றால் மனைவி எண்ணைக் கொடுங்கள். கொடுக்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.